ஒரே கொடியில் காய்த்த சுவர்கள்

‘தயவுசெய்து சுவரைத் தட்டாதீர்கள்’ என்று ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். மறுநாள் வந்தவர்கள் அந்த அட்டையின் மேலேயே தட்டிப் பார்த்தார்கள்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் பெரிய ரோட்டில், டவுன் முடிந்து மிளகுக்கொடிகள் தொடங்கும் இடத்தில், எங்கள் நிறுவனம் சனங்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருந்தது. கட்டியது என்று சொல்வதே பிழை. பூட்டியது என்று சொல்ல வேண்டும். சுவர், கூரை எல்லாவற்றையும் தொழிற்சாலையில் பனல் பனலாகச் செய்து, லொறியில் ஏற்றி வந்து, ஒன்றோடு ஒன்று கொளுவினால் ஒரு வாரத்துக்குள் வீடு. பனலின் இரண்டு பக்கமும் மெல்லிய சிமெந்து. நடுவில், புது டீவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அந்த வெள்ளைச் சாமான். எங்கள் ஊரில் அதற்கு ரெஜிபோம் என்று பெயர். வெயில் அதைத் தாண்டி உள்ளே வராது. பகலில் மின்விசிறி தேவையில்லை, கரண்ட் பில் குறையும், விலையும் கல்வீட்டை விடக் குறைவு. கையில் பெரிய காசு இல்லாத குடும்பங்களுக்காகவே போட்ட திட்டம்.

வருகிறவர்களுக்கு இதையெல்லாம் விளக்குவதுதான் என் வேலை. அதற்கு முன்னால் அரசாங்கத்தில் கட்டடப் படம் வரைகிற உத்தியோகத்தில் இருந்தேன். அதை விட்டுவிட்டு இதற்கு வந்தபோது என் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீடு பார்க்க வந்தவர்களிடம் நான் பட்ட பாட்டை அம்மா பார்த்திருந்தால் இன்னும் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அப்பா வடக்கிலிருந்து கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், உத்தியோகத்துக்கு மாத்தளை வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இந்த ஊர்ப் பேச்சையே பேசுகிறவள். கோபம் வந்தால் மட்டும் என் வாயில் யாழ்ப்பாணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீடு காட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் பாதி நேரம் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தேன்.

எப்படிக் கோபம் வராமல் இருக்கும்? சனங்கள் வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே சில்லென்று இருக்கும். தரையில் உட்கார்ந்து நான் கொடுக்கிற, பால் விடாத பிளேன்டீயைக் குடிப்பார்கள். ஒரு குடும்பம் சோற்றுப் பார்சல்களைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, வரிசையாகப் படுத்து ஒரு தூக்கமே போட்டது. எழுந்து முகம் கழுவி, வெளியே வந்து, வாசலுக்கு வலப்பக்கம், நெஞ்சு உயரத்தில், விரல் முட்டியால் மூன்று தட்டு. டொம், டொம், டொம். உடனே எல்லாருக்கும் முகம் தொங்கிப்போனது.

“உள்ளுக்கு ஒண்ணும் இல்லையே மிஸ்?”

“ஒண்ணும் இல்லாததுக்குள்ளதான் இவ்வளவு நேரம் கொறட்ட விட்டீங்களா?” என்று கேட்டேன். அவர்கள் வீடு வாங்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பனலுக்குள் இருப்பது ரெஜிபோம் என்று தெரிந்தால் இன்னும் மோசம். எலி ஓட்டை போடாதா என்பார்கள். காற்றடித்தால் பறந்து போகாதா என்பார்கள். தம்புள்ளைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், யானை வந்து சாய்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். “உங்க கல்வீட்டுல யானை சாய்ஞ்சா மட்டும் வீடு யானையத் தாங்கிப் புடிச்சிக்கிட்டு நிக்குமா?” என்றேன். அவரும் வாங்கவில்லை.

ஒரு பென்ஷன்காரர் தட்டிவிட்டு, காதைச் சுவரில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் உள்ளே தரை கூட்டிக்கொண்டிருந்தேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். அவர் மறுபடியும் தட்டியதும் சுவரோடு வாயை வைத்து, “யாரது?” என்று ஒரு சத்தம் போட்டேன். மனிதர் ரோட்டைக் கடந்து பஸ்ஸே ஏறிவிட்டார். அவருடைய குடை இன்னும் எங்களிடம் இருக்கிறது.

எல்லாரும் தட்டினார்கள். ஒருத்தி மட்டும் தட்டவில்லை.

அவள் கார்மெண்ட்டில் வேலை செய்கிறவள். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டோவிலேயே மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் உள்ளே வந்தாள், முதுகைச் சுவரில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

“மிஸ், பகல் ரெண்டு மணி வெயில்லயும் இப்பிடித்தான் இருக்குமா?”

“இப்ப மணி ரெண்டரை” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையைத் துடைத்தாள் என்று நினைத்தேன். அது வியர்வை இல்லை.

இரத்தோட்டை ரோட்டில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்தார்கள். மேலே தகரம். பகலில் உள்ளே இருக்க முடியாது. அதனால் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பலாமரத்தடியில் நிற்கும் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் செய்வாள். ஹயர், அதாவது சவாரி, வந்தால் புத்தகங்களோடு இறங்கி மரத்தடியில் நிற்பாள். ஆட்களுக்கு அவசரமில்லை என்றால் அவளும் கூடவே போவாள். “மாத்தள டவுனுக்கு ஒரு ஹயர் போயிட்டு வந்தா நாலு பெருக்கல் கணக்கு முடிஞ்சிரும் மிஸ்” என்று தகப்பன் பெருமையாகச் சொன்னான். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போன நோயாளி ஒருவர் வழியெல்லாம் அவளுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தாராம்.

இப்போது அந்த அறையும் போகப்போகிறது. வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம், சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னால் அறையை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். வங்கிக் கடன் சரியாகிவிட்டது. காணியும் அதே ரோட்டிலேயே இருக்கிறது, ஒரு சின்ன வீட்டுக்குப் போதுமான பத்து பேர்ச். ஆனால் அது செத்துப்போன அவளுடைய அப்பாவின் பெயரிலும் அப்பாவுடைய அண்ணன் பெயரிலும் சேர்ந்து இருந்தது. அந்தப் பெரியப்பா கையெழுத்துப் போட்டால் வீடு. போடாவிட்டால் இல்லை.

“காணி தாறேன், ஆனா கட்டுற வீட்ட நான் பாத்துத்தான் கையெழுத்துப் போடுவேன்னு சொல்றாரு மிஸ். அவரு தட்டாம எங்க குடும்பத்துல ஒரு சாமான் உள்ள வராது. ஃப்ரிஜ் வாங்குனப்போ அதத் தட்டுனாரு. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இவரு முதுகத் தட்டிட்டு, ‘ம், எடுக்கலாம்’ன்னாரு.”

“நல்லா வலிச்சிச்சி மிஸ்” என்றான் புருஷன்.

“ஒரு தடவ வேணாம்ன்னுட்டாருன்னா அவ்வளவுதான். அப்புறம் தலகீழா நின்னாலும் மாத்த மாட்டாரு. அடுத்த சனிக்கிழம கூட்டிக்கிட்டு வாறேன் மிஸ். எப்பிடியாவது...” என்றாள்.

தட்டுகிற ஆள்! குடும்பத்துக்கே தட்டிக் கொடுக்கிற ஆள்! டொம் என்று ஒரு சத்தம் வரும், அந்தப் பெண் அந்தப் பிள்ளையையும் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு இன்னொரு தகரத்தடிக்குப் போவாள். பெரியப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்குத் தம்புள்ளையில் கடை என்று சொன்னாள். என்ன கடை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

ஒரு விஷயம் நான் கவனித்து வைத்திருந்தேன். தட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தட்டினார்கள். வாசலுக்கு வலப்பக்கத்துப் பனல். சிங்களவர், தமிழர், முஸ்லிம், ஆண், பெண் வித்தியாசமே கிடையாது. அந்த ஒரு பனல் மட்டும் கல் மாதிரி சத்தம் போட்டால் போதும். மறுநாள் காலையில் எங்கள் கொத்தனார், மேசன் பாஸைக் கூப்பிட்டு, ரெஜிபோம் இல்லாமல் முழுக்கக் கொங்கிரீட் நிரப்பி அதே அளவில் ஒரு பனல் வார்க்கச் சொன்னேன்.

பாஸ் பக்கத்து முஸ்லிம் கிராமத்துக்காரர். வேலையில் சுத்தம், வாயிலும் சுத்தம்.

“என்னால ஏலா மிஸ். இது ஏமாத்து வேல. இதுல பரக்கத் இரிக்காது.”

“வீடு நல்ல வீடுதானே பாஸ்? அத நான் ஏமாத்தல்லையே. சத்தத்த மட்டும் கொஞ்சம்...”

“சத்தத்துக்கு மேக்கப் போடப் போறீங்களா?”

“அப்பிடித்தான் வச்சிக்கிங்களேன்!”

அந்தப் பிள்ளை ஆட்டோவில் படிப்பதைச் சொன்னேன். பாஸுக்கும் பெண்பிள்ளைகள் உண்டு. பெருமூச்சு விட்டுக்கொண்டே வார்த்துக் கொடுத்தார். சாதாரணப் பனல் ஒன்றை இரண்டு பேர் கிரிக்கெட் பற்றிப் பேசிக்கொண்டே தூக்கிப் போவார்கள். இதைத் தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. பாதி வழியில் கை வழுக்கிக் கீழே வைத்தார்கள். பாஸின் சோற்றுப் பார்சல் அதற்கு அடியில் போய்விட்டது.

“பாத்தீங்களா மிஸ்? தொடங்க முந்தியே” என்றார் பாஸ்.

பூட்டி, மற்றப் பனல்களுக்கு அடித்த அதே வெள்ளைப் பெயின்டை அடித்தோம். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வந்தவர்கள் வழக்கம்போல் தட்டினார்கள். ணங், ணங், ணங். “ஆ, இதான் செவரு!” என்று தலையாட்டினார்கள். ஒருவர் தட்டிவிட்டு, ரோட்டில் போன தன் மச்சானையும் கூப்பிட்டுத் தட்டவைத்தார். இரண்டு மூன்று நாளில் மூன்று குடும்பங்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போயின. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் கூச்சம். கூச்சத்தைச் சிரிப்பால் அமுக்கி வைத்தேன்.

அந்தக் காணியில் எங்களுக்கு முன்பிருந்தே ஒரு செவலை நாய் இருந்தது. மத்தியானமானால் முன்னறைக்குள் வந்து, வாசலை ஒட்டிய அந்தச் சுவரோடு முதுகை வைத்துத் தூங்கும். புதுப் பனல் பூட்டிய அன்று வந்தது. சாய்ந்தது. எழும்பியது. சுவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தது. எதிர்ச் சுவருக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை.

“நாய்க்கு வெளங்கிட்டு மிஸ்” என்றார் பாஸ்.

“நாய் வீடு வாங்கப் போறதில்ல பாஸ். உங்க வேலயப் பாருங்க” என்றேன். வரைபடத்தில் அந்த வீட்டின் வாசல் வடக்கே பார்த்திருந்தது. ரோட்டில் போகிறவர்களுக்கு வாசல் தெரிய வேண்டும் என்று நாங்கள்தான் அதை மேற்கே திருப்பியிருந்தோம். மத்தியானத்துக்குப் பிறகு வெயில் நேரே அந்தப் பனலில்தான் அடிக்கும். கொங்கிரீட் அதைக் குடித்து உள்ளே அனுப்பும். படம் வரைந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு பெரிய வத்தகப்பழம், தர்ப்பூசணிதான், இறங்கியது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பெரியப்பா இறங்கினார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பேனா. அந்தப் பேனாவைத்தான் நான் முதலில் பார்த்தேன். அவருக்குப் பின்னால் நின்ற அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புடிங்க மிஸ். நம்ம சரக்கு” என்று பழத்தை என் கையில் வைத்தார்.

“நம்ம சரக்குன்னா... ஐயா என்ன யாவாரம்?”

“இதான். வத்தகப்பழம். தம்புள்ள சந்தைல வந்து யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. நான் தட்டிக் குடுத்தா மறுபேச்சு இல்ல.”

என் கையிலிருந்த பழம் நழுவப் பார்த்தது. வத்தகப்பழத்தைத் தட்டி டொம் என்று வந்தால் உள்ளே சிவந்து பழுத்திருக்கிறது. ணங் என்று வந்தால் காய். எங்கள் பக்கத்தில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரியும். ஐயோ, ஆண்டவனே! ஊருக்கெல்லாம் பொருத்தமாக இருந்த வீட்டை, அந்த ஒரு மனிதருக்கு மட்டும் பொருந்தாமல் செய்து வைத்திருந்தேன்.

“முதல்ல உள்ள வாங்கய்யா. பிளேன்டீ குடிச்சிட்டு...”

“வேல முடியட்டும் மிஸ்” என்று சட்டைக் கையை மடித்தார். நேரே வாசலுக்கு வலப்பக்கம். நெஞ்சு உயரம். ணங்.

முகத்தைச் சுளித்தார். காதைக் கிட்டக் கொண்டுபோய் இன்னொரு தட்டு. ணங். தலையை ஆட்டிவிட்டு அடுத்த பனலைத் தட்டினார். டொம். புருவம் மேலே போனது. அதற்கடுத்தது. டொம். அவர் கோயில் சுற்றுவதுபோல் வீட்டைச் சுற்றிக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் புருஷன், அவனுக்குப் பின்னால் பழத்தோடு நான், எனக்குப் பின்னால் “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்று முணுமுணுத்துக்கொண்டு பாஸ். வீடு முழுக்க டொம், டொம், டொம். ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றார்.

“எல்லாம் நல்ல சரக்கு. இந்த ஒண்ணு மட்டும் காய்.”

“ஐயா, இது வீடு. பழமில்ல” என்றேன்.

“எதுவா இருந்தா என்ன மிஸ்? ஒரே கொடியில காய்ச்சிருந்தா ஒரே சத்தம் வரணும். இது வேற கொடி. எவனோ நடுவுல கொண்டாந்து சொருவியிருக்கான்.” தம்பி மகளின் பக்கம் திரும்பினார். “ஒண்ண மறைக்கிறவங்க ஒம்பத மறைப்பாங்க. வேணாம்டி. வா, போகலாம்.”

சொல்லிவிட்டு ஆட்டோவைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அவள் நகரவில்லை. என்னைப் பார்த்தாள்.

“மிஸ், பெரியப்பா சொல்றது உண்மையா?”

என்னிடம் பதில் தயாராக இருந்தது. அது கூரைப் பாரத்தைத் தாங்குகிற விசேஷப் பனல் என்று சொல்லியிருக்கலாம். படம் வரைந்து காட்டியும் நம்ப வைத்திருக்கலாம். ஆட்டோவின் பின்சீட்டில் அந்தப் பிள்ளை கொப்பியை முழங்காலில் வைத்து என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். வெயில் அவள் கொப்பியில் பாதியை மூடியிருந்தது. அவள் வெயிலுக்குத் தகுந்தபடி கொப்பியை நகர்த்தி நகர்த்தி எழுதினாள். எனக்கு வந்த கோபம் பெரியப்பா மேலும் இல்லை, ஊர் மேலும் இல்லை. என் மேல்தான். ஆனால் கோபத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? வாய்க்குள் யாழ்ப்பாணம் வந்துவிட்டது.

“ஓம்! ஏமாத்தினனான்! அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறியள்? வாற சனமெல்லாம் உள்ளுக்கு வந்து நித்திரை கொண்டுபோட்டு, வெளியில வந்து தட்டிப்போட்டு வேண்டாம் எண்டு போகுது! ஒரு நல்ல வீட்டை ஒரு சத்தத்துக்காக வேண்டாம் எண்டினம்! இந்தப் பிள்ளைக்கு ஒரு வீடு கிடைக்கட்டும் எண்டுதான் இந்த ஒரு பனலுக்குள்ள கொங்கிரீட் ஊத்தினனான்! மற்றதெல்லாம் அசல்! நம்பிக்கை இல்லையெண்டால் வெட்டிப் பாருங்கோ!”

வீடு பார்க்க வந்து அந்தப் பனலைத் தட்டிக்கொண்டிருந்த வேறு இரண்டு பேர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா நின்றார்.

“என்னாடி சொல்றாங்க?”

“ஏமாத்துனாங்களாம் பெரியப்பா” என்றாள். “மத்ததெல்லாம் நல்லதாம். வெட்டிப் பாக்கச் சொல்றாங்க.”

“வெட்டிக் காட்டுறாங்களாமா?” அவர் முகத்தில் உயிர் வந்தது. “அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே!”

வத்தகப்பழக் கடைகளில் சந்தேகப்படுகிற வாடிக்கையாளருக்குப் பழத்தின் தோலில் முக்கோணமாக ஒரு வெட்டு வெட்டி, அந்தத் துண்டை உருவிக் காட்டுவார்கள். அதைத்தான் அவர் கேட்டார். மாதிரி வீட்டின் சுவரில். முக்கோணமாக. நான் கோபத்தில் சொன்ன சொல்லைத் திருப்பி எடுப்பதற்குள் பாஸ் கல் அறுக்கும் க்ரைண்டரோடு வந்து நின்றார். அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பக்கத்துப் பனலில் கர்ரென்று மூன்று கோடு. ஒரே தூசி. சிமெந்துத் தோலோடு ஒரு முக்கோணத் துண்டு பெரியப்பாவின் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

“வெள்ள” என்றார்.

நகத்தால் கீறினார். முகர்ந்தார். “சத்தம் பழம். உள்ள பாத்தா காய். எனக்கு ஒண்ணுமே வெளங்கல” என்று சொல்லி நெற்றியைத் துடைத்தார். வெயிலில் வீடு முழுக்கச் சுற்றிய களைப்பு வேறு. “கொஞ்சம் உக்காரணும்” என்று உள்ளே போனார். வாசலுக்கு மிகக் கிட்டே இருந்த சுவரில், கொங்கிரீட் பனலில், முதுகைச் சாய்த்தார்.

“ஆத்தாடி!” என்று துள்ளி எழும்பினார்.

க்ரைண்டர் சத்தம் கேட்டு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த பிள்ளை, எதிர்ச் சுவரோரம் நாய்க்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அங்க சுடும் தாத்தா. நாய்கூட அங்க உக்காரல. இங்க வாங்க.”

அவர் அங்கே போய் உட்கார்ந்தார். முதுகைச் சாய்த்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். பின்னந்தலையால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். டொம். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடினார். யோசிக்கிறார் என்று நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குறட்டை வந்தது.

“எழுப்பவா மிஸ்?” என்று அவள் என் காதில் கேட்டாள்.

“உசுரு போனாலும் எழுப்பாதீங்க” என்றேன்.

பாஸ் வத்தகப்பழத்தை வெட்டினார். நல்ல சிவப்பு. வெளியே நிழலில் நின்று எல்லாரும் தின்றோம், விதையைத் துப்பினோம். அவள் மட்டும் தன் துண்டைக் கடிக்கவே இல்லை. கையில் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று கிட்டப் போனேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் போனேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் உள்ளே இருந்து ஒரு கொட்டாவி கேட்டது. ஓடிப் போனோம். அவர் அண்ணாந்து கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“ஃபேன் எங்க?”

“ஃபேன் இல்ல பெரியப்பா.”

“கரண்ட் போயிருச்சா?”

“இல்ல பெரியப்பா. ஃபேனே போடல.”

அவர் கூரையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த கொப்பியைப் பார்த்தார். பிள்ளை எழுதி முடித்துவிட்டு நாயின் மேல் காலைப் போட்டுத் தூங்கிவிட்டிருந்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எங்க போடணும்?”

அவள் கைப்பைக்குள்ளிருந்து சம்மதக் கடிதத்தை எடுத்தாள். ஒரு மூலையில் வத்தகச் சாறு பட்டுவிட்டது. அவர் முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என் பக்கம் விரலை நீட்டினார். “அந்தக் காய்ப் பனல நீங்க எங்களுக்குச் சும்மா தரணும் மிஸ். ஏமாத்துனதுக்குத் தண்டம்.”

அப்போதுதான் அவள் கையிலிருந்த துண்டைக் கடித்தாள். கடித்துக்கொண்டே அழுதாள். விதையையும் சேர்த்து விழுங்கியிருப்பாள்.

அன்றைக்கே மேலிடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ணங் சத்தத்தை நம்பிப் பெயர் கொடுத்த மூன்று குடும்பங்களுக்கும் போன் செய்தேன். ஒரு குடும்பம் என்னைத் திட்டிவிட்டு விலகியது. மற்ற இரண்டும் முக்கோணத்தைப் பார்க்க வந்தன, சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு. அந்த ஓட்டையை நாங்கள் அடைக்கவில்லை. கண்ணாடி போட்டு அப்படியே விட்டோம். இப்போது வருகிறவர்கள் முதலில் அதற்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு தட்டுகிறார்கள்.

சித்திரைக்கு முன்னால் இரத்தோட்டை ரோட்டுக் காணியில் வீட்டைப் பூட்டி முடித்தோம். வாசல் வடக்கே. சாவி கொடுத்த அன்று அவளிடம் ஒருவழியாக மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க மிஸ்” என்றாள். விட்டாளா என்று தெரியவில்லை. ஆடி மாதம் போல, அந்தப் பக்கம் வேறொரு வேலையாகப் போனவள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன்.

பின்பக்கத்திலிருந்து படார் படார் என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்குக் கீழே என் கொங்கிரீட் பனலைப் படுக்கப் போட்டிருந்தார்கள். அவள் அதன்மேல் ஒரு படுக்கை விரிப்பை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம் இருந்தது. முற்றத்தில் ஆட்டோ நின்றது. பின்சீட்டில் ஒரு வாழைக்குலை கிடந்தது, வேறு ஒன்றும் இல்லை.

முன்பக்கம் போனேன். கதவு சாத்தியிருந்தது. கதவைத்தான் தட்ட வேண்டும். இத்தனை மாதம் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. வாசலுக்கு வலப்பக்கம், நெஞ்சு உயரத்தில், மூன்று தட்டு. டொம், டொம், டொம்.

“யாரது?” என்று உள்ளே இருந்து ஒரு குரல் அதட்டியது. நான் பதில் சொல்வதற்குள் அதே குரல், “செவரத் தட்டாதீங்க! படிக்கிறேன்!” என்றது.

நான் கையைக் கீழே இறக்கினேன். பிள்ளை படித்து முடிக்கட்டும் என்று வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன்.